வண்டியை நிறுத்தும் போலீஸ் காரணம் சொல்ல வேண்டுமா? ஈ.சி.ஆர். பயணிகள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்

சனி, ஞாயிறு வந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை நிரம்பி வழியும். உத்தண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் முட்டுக்காடு, கோவளம், வடநெம்மேலி வழியாக மாமல்லபுரம் வரை பைக்குகளும் கார்களும் வரிசை கட்டும். வழியில் இரும்புத் தடுப்புகளும் இருக்கும். போலீஸ்காரர் ஒருவர் கை காட்டி ஓரங்கட்டச் சொல்வார். "எதுக்கு சார் நிறுத்துனீங்க?" என்று கேட்டால் பல நேரங்களில் வரும் பதில், "லைசென்ஸ் எடு" என்பதுதான்.

கேட்டவருக்குக் கோபம் வரும். "காரணம் சொல்லாம எப்படி நிறுத்தலாம்?" என்று செல்போனை எடுத்து வீடியோ பதிவு செய்வார். அங்கிருந்து பேச்சு முற்றும்.

உண்மையில், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் போலீசாருக்கு இருக்கிறதா? சுருக்கமான பதில் இதுதான். வண்டியை நிறுத்தி ஆவணம் கேட்பதற்கு மட்டும் என்றால், இல்லை. ஆனால் அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் சட்டம் ஒரு காரணம் கேட்கிறது. கைது வரை போய்விட்டால், அந்தக் காரணத்தை எழுத்திலேயே கொடுக்க வேண்டும். எந்தப் படியில் என்ன விதி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் படி: நிறுத்துவதும், லைசென்ஸ் கேட்பதும்

இதற்கான அதிகாரம் 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. பொது இடத்தில் வண்டி ஓட்டும் எவரும், சீருடையில் இருக்கும் எந்த போலீஸ் அதிகாரி கேட்டாலும் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்கிறது 130-வது பிரிவு. இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். 'குற்றம் செய்ததாகச் சந்தேகம் இருந்தால்' என்ற நிபந்தனை இந்தப் பிரிவில் இல்லை. குறிப்பிட்ட ரேங்க் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அதாவது, கான்ஸ்டபிள் கேட்டாலும் காட்டியாக வேண்டும்.

போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் பணியில் இருக்கும் போலீசாரின் உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று 119-வது பிரிவும் சொல்கிறது. சட்டப்படி பிறப்பிக்கப்பட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறினால் 179-வது பிரிவின்படி 2,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு இது 500 ரூபாயாக இருந்தது.

எனவே, "நான் எந்தத் தப்பும் பண்ணல, நிறுத்த மாட்டேன்" என்ற வாதம் சட்டத்தின் முன் நிற்காது. காரணம் கேட்கலாம், அதில் தவறில்லை. பதில் வரவில்லை என்பதற்காக லைசென்ஸைக் காட்ட மறுக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் குற்றம் செய்த ஒருவர் பெயரையும் முகவரியையும் சொல்ல மறுத்தால், வாரன்ட் இல்லாமலே கைது செய்ய 202-வது பிரிவு அனுமதிக்கிறது.

விபத்து நடந்த வண்டி என்றால் விதி வேறு. சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி சீருடையில் வந்து கேட்டால், வண்டியை நிறுத்தி, தேவையான நேரம் வரை அங்கேயே வைத்திருக்க வேண்டும் என்கிறது 132-வது பிரிவு. இங்கே காரணம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

நிறுத்துவது யார்? சீருடை ஏன் முக்கியம்?

இந்தச் சட்டத்தின் பல பிரிவுகளில் 'சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி' என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அது சம்பிரதாயத்துக்காக எழுதப்பட்டது அல்ல. ஓடும் வண்டியை நிறுத்துவது யார் என்று ஓட்டுபவருக்குப் பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

இது ஏன் அவசியம் என்பதை ஈ.சி.ஆரே காட்டியிருக்கிறது. 2025 ஜனவரி 25-ம் தேதி இரவு, முட்டுக்காடு அருகே பெண்கள் சென்ற ஒரு காரை, வேறு கார்களில் வந்த இளைஞர்கள் வழிமறித்துத் துரத்திய வீடியோ தமிழ்நாட்டையே அதிர வைத்தது. கானாத்தூர் போலீசார் வழக்குப் பதிந்து பலரைக் கைது செய்தனர். அன்று வழிமறித்தவர்கள் போலீஸ் இல்லை. ஆனால் இரவில் இந்தச் சாலையில் யாரோ வண்டியை நிறுத்தச் சொன்னால் வரும் பயம் எப்படிப்பட்டது என்பது அந்த வீடியோவைப் பார்த்த எல்லோருக்கும் புரிந்தது. சீருடை, தடுப்புகள், ரோந்து வாகனம் எதுவும் இல்லாமல் ஒருவர் கை காட்டினால், அதை போலீஸ் சோதனை என்று நம்ப வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அப்படியான நேரத்தில் வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் இடம் வரை போய் நிறுத்தி, 100 அல்லது 112-க்கு அழைப்பதுதான் பாதுகாப்பு.

இன்னொரு குழப்பமும் இந்தச் சாலையில் உண்டு. சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் ஒருவர் பல போலீஸ் எல்லைகளைக் கடக்கிறார். நீலாங்கரை சென்னை கமிஷனரேட்டில் இருக்கிறது. கானாத்தூர், 2022-ல் செயல்படத் தொடங்கிய தாம்பரம் கமிஷனரேட்டில் வருகிறது. மாமல்லபுரம் செங்கல்பட்டு மாவட்ட எஸ்.பி.யின் கீழ் இருக்கிறது. மரக்காணம் போனால் விழுப்புரம் மாவட்டம். ஒரே பயணத்தில் மூன்று இடத்தில் நிறுத்தப்பட்டால் மூவரும் வேறு வேறு நிர்வாகத்தின் கீழ் இருப்பவர்கள். "இப்பத்தான் சார் அங்க செக் பண்ணாங்க" என்று சொன்னாலும் அடுத்தவர் மறுபடி பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆவணங்களை செல்போனில் காட்டினால் போதுமா?

போதும். 2017 செப்டம்பரில், ஒரிஜினல் லைசென்ஸைக் கையில் வைத்திருப்பது கட்டாயம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்ததும், அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனதும் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சர்ச்சைக்கு 2018 நவம்பரில் மத்திய அரசு செய்த விதித் திருத்தம் முற்றுப்புள்ளி வைத்தது. மத்திய மோட்டார் வாகன விதி 139-ன்படி லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் போன்றவற்றை காகிதமாகவோ மின்னணு வடிவிலோ காட்டலாம். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் இருக்கும் ஆவணம் ஒரிஜினலுக்குச் சமம். ஆனால் லைசென்ஸை போட்டோ எடுத்து கேலரியில் வைத்திருப்பது அதற்குச் சமம் ஆகாது.

2020 அக்டோபர் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த இன்னொரு திருத்தம் அதிகம் பேசப்படாதது. ஒரு வாகனத்தின் ஆவணத்தை போலீசார் கேட்டாலோ ஆய்வு செய்தாலோ, அந்தத் தேதி, நேரம், ஆய்வு செய்த அதிகாரியின் அடையாளம் ஆகியவை இணையதளத்தில் பதிவாக வேண்டும் என்கிறது அது. தேவையில்லாமல் மறுபடி மறுபடி நிறுத்துவதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்று அப்போது மத்திய அரசு விளக்கம் தந்தது. மேலே சொன்ன ஈ.சி.ஆர். பிரச்சினைக்கு நேராக எழுதப்பட்ட விதி மாதிரி இருக்கிறது இது. கோவளத்தில் நடந்த சோதனை மாமல்லபுரத்தில் இருப்பவரின் கருவியில் தெரிந்தால், இரண்டாவது முறை நிறுத்த வேண்டிய அவசியம் குறையும். அதோடு, யார் நிறுத்தினார், எப்போது நிறுத்தினார் என்பதற்கு ஒரு பதிவும் இருக்கும்.

இரண்டாம் படி: ஊதச் சொன்னால்?

இங்கிருந்துதான் 'காரணம்' என்ற சொல் சட்டத்துக்குள் வருகிறது. குடித்துவிட்டு ஓட்டுவதாகச் சந்தேகிக்க 'நியாயமான காரணம்' இருந்தால், சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி மூச்சுப் பரிசோதனை கேட்கலாம் என்கிறது 203-வது பிரிவு. வாசனை, தடுமாறும் பேச்சு, வண்டி ஓடிய விதம் என்று அந்தக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது 185-வது பிரிவின் கீழ் குற்றம். முதல் முறை என்றால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய் அபராதம் வரை போகலாம்.

ஊத மறுத்தால் தப்பிக்கலாம் என்பது தவறான எண்ணம். மது அருந்தியிருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்து, ஒருவர் பரிசோதனைக்கு மறுத்தால், வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம். அதே நேரம் போலீசாருக்கும் ஒரு கெடு இருக்கிறது. குடிபோதை வழக்கில் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் விடுவிக்க வேண்டும் என்கிறது 202-வது பிரிவு.

மூன்றாம் படி: லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

வாங்கலாம், ஆனால் சும்மா வாங்க முடியாது. 206-வது பிரிவின்படி, ஆவணம் போலி என்று நம்புவதற்குக் காரணம் இருக்க வேண்டும். அல்லது வழக்கில் சிக்கியவர் தப்பி ஓடுவார், சம்மனைத் தவிர்ப்பார் என்று நம்புவதற்குக் காரணம் இருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிவேகம், ஆபத்தான முறையில் ஓட்டுதல், குடிபோதை, ஹெல்மெட் இல்லாமை, ஆம்புலன்சுக்கு வழிவிடாதது போன்ற குற்றங்களிலும் லைசென்ஸைக் கைப்பற்றி, தகுதிநீக்க நடவடிக்கைக்காக ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம்.

எந்தக் காரணத்துக்காக வாங்கினாலும் தற்காலிக ஒப்புகைச் சீட்டு கொடுத்தாக வேண்டும். லைசென்ஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு "நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா" என்று சொல்வதற்கு இந்தப் பிரிவில் இடமில்லை. 2025 ஜூலையில் கொல்கத்தா உயர் நீதிமன்றம் இந்த எல்லையைத் தெளிவாக்கியது. லைசென்ஸைக் கைப்பற்றும் அதிகாரம் போலீசுக்கு உண்டு. ஆனால் அதை சஸ்பெண்ட் செய்வதும் ரத்து செய்வதும் லைசென்ஸ் வழங்கும் அதிகாரியின் வேலை என்றது அந்தத் தீர்ப்பு.

வண்டியையே பிடித்து வைப்பதற்கு 207-வது பிரிவு. லைசென்ஸ் இல்லாமல், வயது வராமல், பதிவு இல்லாமல், பெர்மிட் இல்லாமல் ஓட்டப்பட்டது என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும். சாவியைப் பிடுங்கலாம் என்று இந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

நான்காம் படி: டிக்கியைத் திறக்கச் சொன்னால்?

செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். ஈ.சி.ஆர். நேராகப் போய்ச் சேர்வது புதுச்சேரியில். அங்கிருந்து மது பாட்டில் கடத்தி வருவதைத் தடுக்க வழியெங்கும் சோதனை நடக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூர் பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தேர்தல் வந்தால் பறக்கும் படையும் சேர்ந்துகொள்ளும்.

லைசென்ஸ் கேட்கும் அதிகாரம் வேறு, வண்டிக்குள் சோதனையிடும் அதிகாரம் வேறு. 130-வது பிரிவு ஆவணத்தைக் காட்டச் சொல்கிறது, அவ்வளவுதான். 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 185-வது பிரிவின்படி, வாரன்ட் இல்லாமல் சோதனையிடும் விசாரணை அதிகாரி, எதற்காகச் சோதனை என்ற காரணத்தை முன்கூட்டியே எழுத்தில் பதிய வேண்டும். சோதனையையும் பறிமுதலையும் ஆடியோ, வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும் என்று அதன் 105-வது பிரிவு கூறுகிறது. போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில் பொது இடத்தில் சோதனையிட தனி அதிகாரம் இருக்கிறது. அங்கேயும் 'நம்புவதற்குக் காரணம்' இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பெண்ணின் உடலைச் சோதனையிடுவது என்றால் அதைப் பெண்தான் செய்ய வேண்டும்.

அபராதம் போட்டால்?

அபராதம் என்று வந்துவிட்டால் காரணம் தானாகவே எழுத்துக்கு வந்துவிடுகிறது. எந்தக் குற்றம், எந்தப் பிரிவு, எந்த இடம், எந்த நேரம் என்பதைச் சொல்வதுதான் இ-சலான். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதத் தொகைகள் உயர்த்தப்பட்டன. ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாய், ஆம்புலன்சுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் என்று ஆனது அப்போதுதான்.

சலானில் எழுதிய குற்றத்தை ஏற்கவில்லை என்றால் அங்கேயே பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஸ்பாட் ஃபைன் என்பது 200-வது பிரிவின் கீழ் வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்ளும் ஒரு வழி. வேண்டாம் என்றால் நீதிமன்றத்தில் வாதாடலாம். சலான் இல்லாமல் கைக்குக் கை மாறும் பணம் அபராதம் ஆகாது.

கேமரா பிடிக்கும் வழக்குகளில் விதி இன்னும் கறாரானது. 2021 ஆகஸ்டில் வந்த 167-ஏ விதிப்படி, குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கேமரா கண்காணிப்பு இருக்கிறது என்று சாலையில் எச்சரிக்கைப் பலகையும் வைக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். கேமராவுக்குக் காரணம் சொல்லும் கடமை இருக்கிறது. நேரில் நிறுத்தும் மனிதருக்கு அந்த முதல் நிமிடத்தில் இல்லை.

கடைசிப் படி: கைது

இங்கே சந்தேகத்துக்கே இடமில்லை. கைது செய்யப்படுபவருக்கு அதற்கான காரணத்தை விரைவில் தெரிவிக்க வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22(1)-வது பிரிவு. சுரக்ஷா சன்ஹிதாவின் 47-வது பிரிவும் அதையே சொல்கிறது. கைது செய்யும் அதிகாரி, பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும் என்கிறது 36-வது பிரிவு. 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளிலிருந்து வந்தது இது.

காரணத்தை வாயால் சொன்னால் போதுமா, எழுதித் தர வேண்டுமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது ஒரு சாலை விபத்து வழக்கில்தான். 2024 ஜூலையில் மும்பை வொர்லியில் சொகுசு கார் மோதி, ஸ்கூட்டரில் சென்ற பெண் உயிரிழந்தார். அந்த வழக்கில் கைதானவர் தொடர்ந்த மேல்முறையீட்டில், 2025 நவம்பர் 6-ம் தேதி தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதி ஏ.ஜி. மசி அமர்வு தீர்ப்பளித்தது. எந்தக் குற்றமாக இருந்தாலும் கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். உடனே எழுதித் தர முடியாத சூழல் என்றால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது எழுதித் தந்துவிட வேண்டும்.

பெண்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழல் என்றால் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்கியே கைது செய்ய வேண்டும். இந்த விதியை மீறிய ஒரே காரணத்தால் கைது செல்லாமல் போய்விடாது என்று 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது. ஆனால் விதியைப் பின்பற்ற முடியாமல் போனதற்கு அந்த அதிகாரி உரிய விளக்கம் தர வேண்டும் என்றும் சொன்னது.

பிரச்சினை எங்கே இருக்கிறது?

மேலே உள்ளதை மொத்தமாகப் பார்த்தால் ஒன்று புரியும். ஊதச் சொல்லக் காரணம் வேண்டும், லைசென்ஸைக் கைப்பற்றக் காரணம் வேண்டும், சோதனையிடக் காரணம் வேண்டும், கைது செய்யக் காரணம் வேண்டும். காரணமே தேவைப்படாத ஒரே இடம் கை காட்டி நிறுத்தும் அந்த முதல் நிமிடம். ஆனால் தமிழ்நாட்டில் பெரிய அளவில் பேசப்பட்ட துயரங்கள் தொடங்கியது அங்கேதான்.

2018 மார்ச் 7. திருச்சி துவாக்குடி அருகே ஹெல்மெட் சோதனை. நிற்காமல் சென்றதாகக் கூறி ஒரு தம்பதியின் பைக்கை இன்ஸ்பெக்டர் துரத்திச் சென்று எட்டி உதைத்ததில், பின்னால் அமர்ந்திருந்த பெண் கீழே விழுந்து இறந்தார். ஆயிரக்கணக்கானோர் சாலையில் திரண்டனர். இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார்.

2021 ஜூன். கொரோனா ஊரடங்கு நேரம். சேலம் மாவட்டம் வாழப்பாடி அருகே பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்ட மளிகைக் கடைக்காரர் ஒருவர், லத்தியால் தாக்கப்பட்டு இறந்தார். சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார்.

2022 ஏப்ரல். சென்னை கெல்லீஸ் அருகே இரவு வாகன சோதனையில் ஒரு ஆட்டோ நிறுத்தப்பட்டது. அதில் இருந்து பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் தலைமைச் செயலகக் காலனி போலீசாரின் காவலில் இருந்தபோது இறந்தார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போய், போலீசார் கொலை வழக்கில் கைதானார்கள்.

மூன்றும் வெவ்வேறு ஊர், வெவ்வேறு சூழல். மூன்றுக்கும் தொடக்கம் ஒரு சாதாரண வாகன சோதனை. காரணம் சொல்லியிருந்தால் இவை நடந்திருக்காது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அபராதத்தில் முடிய வேண்டிய விஷயம் எவ்வளவு சீக்கிரம் கைமீறிப் போகிறது என்பதை இவை காட்டுகின்றன.

போலீசார் பக்கமும் நியாயம் இருக்கிறது

சோதனையே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. 2024 நவம்பர் 27-ம் தேதி மாமல்லபுரம் அருகே பண்டிதமேட்டில், மாடு மேய்த்துக்கொண்டிருந்த 5 பெண்கள் மீது வேகமாக வந்த கார் மோதியது. 5 பேரும் உயிரிழந்தனர். இந்த வட்டாரத்தில் வேகத்தையும் குடிபோதையையும் கட்டுப்படுத்தச் சொல்லிக் கேட்பவர்கள் சுற்றுலா வருபவர்கள் அல்ல. சாலையோரத்தில் வாழும் மீனவக் குடும்பங்களும், மாடு மேய்ப்பவர்களும்தான்.

நிறுத்தும் போலீஸ்காரருக்கும் ஆபத்து உண்டு. 2020 ஜனவரி 8-ம் தேதி இரவு, கன்னியாகுமரி மாவட்டம் களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் சுட்டுக் கொல்லப்பட்டார். எதிரே வரும் வண்டியில் யார் இருக்கிறார் என்று தெரியாமல்தான் அவர்கள் கை காட்டுகிறார்கள். ஒவ்வொரு வண்டியையும் நிறுத்துவதற்கு முன்பு சந்தேகத்துக்கான காரணம் வேண்டும் என்றால், பொதுவான சோதனை என்பதே நடக்காது.

ஆனால் நிறுத்துவதற்குக் காரணம் தேவை என்பதும், நிறுத்திய பிறகு காரணத்தைச் சொல்வதும் வேறு வேறு. "குடிபோதை சோதனை சார், ஒரு நிமிஷம்" என்று சொல்ல மூன்று விநாடி போதும். அதற்குச் சந்தேகம் எதுவும் தேவையில்லை. அந்த வாகனத்தை மட்டும் குறிவைத்து நிறுத்தினார்களா, எல்லோரையும் நிறுத்துகிறார்களா என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் 1979-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது. எந்தச் சந்தேகமும் இல்லாமல், தன் இஷ்டத்துக்கு ஒரு வண்டியை மட்டும் நிறுத்தி லைசென்ஸ் கேட்பது அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்றது டெலாவேர் வழக்குத் தீர்ப்பு. குடிபோதையைக் கண்டறிய சாலையில் சாவடி அமைத்து எல்லோரையும் நிறுத்துவது சரி என்று 1990-ல் கூறியது. கலிபோர்னியா மாகாணம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2024 ஜனவரி 1 முதல் அங்கே நடைமுறையில் உள்ள சட்டப்படி, விசாரணையைத் தொடங்கும் முன்பே எதற்காக நிறுத்தினோம் என்று போலீசார் சொல்ல வேண்டும். உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து இருக்கும் சூழல்களுக்கு மட்டும் விலக்கு.

பிரிட்டன் நம்மைப் போலத்தான். சீருடையில் இருக்கும் போலீஸ் எந்த வண்டியையும் நிறுத்தலாம், அதற்குச் சந்தேகம் தேவையில்லை. ஆனால் ஆளையோ வண்டியையோ சோதனையிட வேண்டும் என்றால், எதைத் தேடுகிறோம், ஏன் தேடுகிறோம் என்று சொல்ல வேண்டும்.

நிறுத்தப்பட்டால் என்ன செய்யலாம்?

வண்டியை இடதுபுறம் பாதுகாப்பாக நிறுத்துங்கள். சீருடையையும் பெயர்ப் பட்டையையும் பாருங்கள். "என்ன செக்கிங் சார்?" என்று மரியாதையாகக் கேட்கலாம், அது குற்றம் ஆகாது. லைசென்ஸை செல்போனிலோ காகிதத்திலோ காட்டுங்கள். அபராதம் என்றால் சலான் கேளுங்கள், ஆவணத்தை வாங்கினால் ஒப்புகைச் சீட்டு கேளுங்கள்.

வீடியோ எடுக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. ஆனால் பணி செய்யவிடாமல் தடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 221-வது பிரிவு பாயும். கை வைத்தால் இன்னும் கடுமையான 132-வது பிரிவு. பதிவு செய்வது வேறு, மறிப்பது வேறு.

அத்துமீறல் நடந்தால் எந்த இடம், எந்த நேரம், வாகன எண், அதிகாரியின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கானாத்தூர் எல்லை என்றால் தாம்பரம் கமிஷனர் அலுவலகம், மாமல்லபுரம் என்றால் செங்கல்பட்டு எஸ்.பி. அலுவலகம். முதல்வரின் முகவரி உதவி எண் 1100. மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கும் போகலாம், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் தர வேண்டும். 2013-ம் ஆண்டு தமிழ்நாடு போலீஸ் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையில் போலீஸ் புகார் ஆணையமும் உண்டு. அதில் எஸ்.பி.யே உறுப்பினராக இருக்கிறார். போலீஸ் மீதான புகாரை போலீஸே விசாரிப்பதா என்று மனித உரிமை அமைப்புகள் கேட்பது இதனால்தான்.

சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றம் வரை போக வேண்டியிருக்கும். ஆனால் நிறுத்தும்போது ஒரு வரியில் காரணம் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போடுவதற்கு டி.ஜி.பி. அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும். சோதனைக்கான காரணத்தைத் தடுப்பின் மேல் ஒரு பலகையில் எழுதி வைப்பதற்கு அதுகூடத் தேவையில்லை. 'இங்கே குடிபோதை சோதனை நடக்கிறது' என்று முட்டுக்காடு பாலத்துக்கு முன்பே ஒரு பலகை இருந்தால், கேள்வி கேட்பவர் பாதியாகக் குறைவார். குடித்துவிட்டு வருபவர் அங்கேயே சிக்குவார். மற்றவர்கள் லைசென்ஸைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வருவார்கள்.